வீடியோ போட்டால் அடர்த்தி விளங்குமா? வகுப்பில் ஆய்வு செய்யப்போகும் ஆசிரியருக்கு

என் முதல் ஆய்வின் தலைப்பு இரண்டு வரி நீளம். 'கொழும்பு மாவட்டத் தமிழ்மொழி மூலப் பாடசாலைகளின் கனிஷ்ட இடைநிலை மாணவரது விஞ்ஞானக் கற்றல் அடைவில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தின் தாக்கம்.' மேற்பார்வையாளர் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "பிள்ளை, இதை முடிக்க உமக்கு எத்தனை வருஷம் வேணும்?" என்று கேட்டார்.

அன்று வெள்ளவத்தை பஸ்ஸில் வீடு வரும்வரை கோபம் தீரவில்லை. இப்போது என்னிடம் இளம் ஆசிரியர்கள் இப்படியான தலைப்புகளோடு வருகிறார்கள், நானும் கண்ணாடியைக் கழற்றி வைக்கிறேன். கல்வி டிப்ளோமாவுக்கோ முதுகல்விமாணிக்கோ செயல்நிலை ஆய்வு (தன் வகுப்பிலேயே ஒன்றைச் செய்துபார்த்து அளக்கும் ஆய்வு) செய்பவர்களுக்கும், பட்டம் கிடக்கட்டும், நான் போடும் வீடியோவால் பிள்ளைகளுக்கு ஏதாவது பிரயோசனம் உண்டா என்று அறிய நினைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் தரம் 9 விஞ்ஞான ஆசிரியை. உதாரணங்கள் எல்லாம் அங்கிருந்துதான் வரும்.

முதலில் தலைப்பை வெட்டுங்கள். ஒரு தரம், ஒரு அலகு, ஒரு கருவி, நாலைந்து கிழமை. அதற்குமேல் ஆசைப்படாதீர்கள். வெட்டுவதற்கு நான் கேட்கும் கேள்விகள் மூன்று: பிள்ளை எந்த இடத்தில் தடக்குகிறது? அந்த இடத்தில் கருவி என்ன செய்யப்போகிறது? அதையே கருவி இல்லாமல் செய்ய ஏலாதா?

அடர்த்தியை எடுப்போம். பாரமானது தாழும், பாரமில்லாதது மிதக்கும் என்பதுதான் பெரும்பாலான பிள்ளைகளின் நம்பிக்கை. காலிமுகத் திடலில் நின்று துறைமுகத்துக்கு வரும் கொள்கலன் கப்பல்களைப் பார்த்த பிள்ளைகள்தான் இவர்களும். ஆனாலும் சோதனைத் தாளில் 'இரும்பு தாழும், ஏனென்றால் அது பாரம்' என்றே எழுதுவார்கள். தடக்குகிற இடம் இதுதான்: திணிவையும் கனவளவையும் பிரித்துப் பார்க்க அவர்களுக்கு வரவில்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் (PhET) இணையத்தளத்தில் உள்ள அடர்த்திப் பாவனையாக்கலில் (கணினித் திரையில் செய்துபார்க்கும் மாதிரிச் சோதனை) ஒரே திணிவுள்ள கட்டைகளை வெவ்வேறு கனவளவில் எடுத்து நீரில் போட்டுப் பார்க்கலாம். பிறகு ஒரே கனவளவு, வெவ்வேறு திணிவு. வகுப்பு மேசையில் ஒரு மரக்கட்டையை இழுத்துப் பெருப்பிக்க முடியாது, அதில் முடியும். ஆக, கருவிக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது.

மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். புறக்கோட்டையில் ஒரு பெட்டி பிளாஸ்டிசின், அதுதான் பிள்ளைகள் பிசைந்து விளையாடும் களி, வாங்கி வந்து, ஒரு உருண்டையைத் தண்ணீரில் போடுங்கள், தாழும். அதே உருண்டையைத் தட்டிக் கிண்ணமாக்கிப் போடுங்கள், மிதக்கும். திணிவு மாறவில்லை. பாதி வேலையை பிளாஸ்டிசின் முடித்துவிட்டது. ஆகவே பாவனையாக்கலை எதோடு ஒப்பிட வேண்டும்? கரும்பலகையில் சூத்திரம் எழுதிய பாடத்தோடு ஒப்பிட்டால் அது வெல்லும், ஆனால் அந்த வெற்றி எதையும் சொல்லாது. பிளாஸ்டிசினோடு போட்டி போட வையுங்கள். எதிரி நல்ல எதிரியாக இருந்தால்தான் ஆய்வுக்கு மதிப்பு.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். 1983 இல் ரிச்சர்ட் கிளார்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் சொன்னது: ஊடகம் என்பது பாடத்தைக் கொண்டுவரும் வண்டி மட்டுமே, மளிகைச் சாமான் கொண்டுவரும் லொறி நம் போசாக்கை மாற்றாததுபோல அதுவும் கற்றலை மாற்றாது. தம்புள்ளையிலிருந்து மரக்கறி எந்த லொறியில் வந்தால் என்ன, கரட் கரட்தான். 1991 இல் ரொபர்ட் கொஸ்மா மறுத்து எழுதினார். சில ஊடகங்களால் செய்ய முடிந்ததை மற்றவற்றால் செய்ய முடியாது, அந்த வேறுபாடு பிள்ளை யோசிக்கும் விதத்தையே மாற்றக்கூடும் என்பது அவர் வாதம். என் அனுபவத்தில், ஆசிரியர் பேசுவதைப் படம் பிடித்துப் போடும் வீடியோ விடயத்தில் கிளார்க் சரி. கட்டையை இழுத்துப் பெருப்பிக்கும் பாவனையாக்கலில் கொஸ்மாவுக்குக் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

வாசிக்கும்போது என்ன பார்ப்பது

ஆய்வுக் கட்டுரைகள் வாசிக்கப் பயப்பட வேண்டாம். கூகுள் ஸ்கொலரில் தேடினால் பலவற்றின் இலவசப் பிரதி கிடைக்கும். முதல் தரம் வாசிக்கையில் எதை எதோடு ஒப்பிட்டார்கள், எவ்வளவு காலம், சோதனையை யார் தயாரித்தது என்ற மூன்றை மட்டும் தேடுங்கள்.

பெருவில் 'ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி' திட்டத்தில் கிராமப் பாடசாலைகளுக்கு மடிக்கணினி கொடுத்தார்கள். 300க்கும் அதிகமான பாடசாலைகளை வைத்து 2012 இல் வந்த ஆய்வின்படி, ஒரு மாணவருக்கு 0.12 ஆக இருந்த கணினி எண்ணிக்கை 1.18 ஆனது. ஏறத்தாழ 15 மாதத்துக்குப் பிறகும் கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றத்துக்குச் சான்று இல்லை. இதை வாசித்துவிட்டுக் கணினியே வீண் என்று எழுதிவிடாதீர்கள். குஜராத்தின் வடோதராவில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு ஒரு கணினி என்று கிழமைக்கு இரண்டு மணி நேரம் கணித விளையாட்டு விளையாடினார்கள். இரண்டாம் ஆண்டில் கணிதப் புள்ளி 0.47 நியம விலகல் ஏறியது (நியம விலகல் என்பது பிள்ளைகளின் புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்ற அளவு). ஆனால் திட்டம் முடிந்து ஒரு வருடம் போனபிறகு பார்த்தால் அது சுமார் 0.1 ஆக இறங்கிவிட்டது. அந்தக் கடைசி வரியை மேற்கோள் காட்டுபவர்கள் மிகக் குறைவு.

டில்லியில் பாடசாலை விட்ட பிறகு நடந்த ஒரு நிலையத்தில், பிள்ளை எந்த மட்டத்தில் நிற்கிறதோ அந்த மட்டத்துக் கணக்கைக் கொடுக்கும் மென்பொருளை நாலரை மாதம் சோதித்தார்கள். 2019 இல் வெளிவந்த முடிவு: கணிதத்தில் 0.37, இந்தியில் 0.23 நியம விலகல் ஏற்றம். 0.37 என்பது எவ்வளவு? நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால் நடுவில் நின்ற பிள்ளை 64 ஆவது இடமளவுக்கு முன்னேறுகிறது. பெரிய விடயம்தான். ஆனால் அங்கே 45 நிமிடம் கணினி என்றால் இன்னும் 45 நிமிடம் சிறு குழுவில் ஆள் நின்று படிப்பித்தது. வென்றது இரண்டும் சேர்ந்துதான்.

எனக்குப் பிடித்தது ஆபிரிக்காவின் பொட்ஸ்வானாவில் நடந்த ஆய்வு. 2020 இல் பாடசாலை மூடியபோது பெற்றோரின் சாதாரணத் தொலைபேசிக்குக் கிழமைக்கு ஒரு குறுஞ்செய்தியாகக் கணக்கு அனுப்பினார்கள். சிலருக்கு அதோடு படிப்பிப்பவர் ஒருவர் அழைத்து 15, 20 நிமிடம் கதைத்தார். குறுஞ்செய்தி மட்டும் போனவர்களிடம் நம்பத்தக்க பலன் இல்லை. அழைப்பும் போனவர்களிடம் 0.12 நியம விலகல் ஏற்றம். அதே மாதங்களில் நாங்கள் இங்கே வாட்ஸ்அப் குழுவில் செயலட்டைகளைக் கொட்டிக்கொண்டிருந்தோம். எத்தனை பிள்ளையைக் கூப்பிட்டுக் கதைத்தேன் என்று எண்ணிப் பார்த்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒற்றை ஆய்வை நம்பி எழுதுவதும் ஆபத்து. மடிக்கணினியில் குறிப்பெடுப்பதைவிடக் கையால் எழுதுவதே மேல் என்று 2014 இல் வந்த ஆய்வு உலகம் முழுக்கப் பிரபலம். பிறகு மற்றவர்கள் அதையே திரும்பச் செய்தபோது வித்தியாசம் மிகச் சிறிதாகத்தான் வந்தது.

நான் செய்த பிழை

முதல் ஆய்வில் 9ஏக்கு வீடியோ, 9பிக்கு வழமையான பாடம். 9ஏ நன்றாகச் செய்தது. சந்தோசத்தில் அறிக்கையின் முடிவுரையைத்தான் முதலில் எழுதினேன். மேற்பார்வையாளர் என் நேரசூசியைக் கேட்டார். 9ஏக்கு இரண்டாம் பாடவேளை, 9பிக்குக் கடைசிப் பாடவேளை. ஏப்ரலுக்கு முந்திய வெயில், மேலே தகரக் கூரை. போதாததற்கு, கணினி அறை கிடைத்த உற்சாகத்தில் 9ஏக்கு இரண்டு பாடவேளை கூடுதலாக எடுத்திருக்கிறேன். "வீடியோ வெண்டதா, ரெண்டு பாடவேளை வெண்டதா?" என்று கேட்டார். பதில் இல்லை.

இன்னொன்றையும் அவர் சொல்லாமலே உணர்ந்தேன். 9ஏக்குப் போகும்போது நான் புதுச் சீலை உடுத்தவள் மாதிரி நடந்திருக்கிறேன். பிள்ளைகளுக்கும் 'எங்களைத்தான் ஆய்வுக்கு எடுத்தார்கள்' என்ற புளுகம். கவனிக்கப்படுகிறோம் என்ற எண்ணமே கொஞ்ச நாளைக்கு எவரையும் நன்றாக வேலை செய்ய வைக்கும்.

இதற்கு நான் இப்போது செய்வது, வகுப்புகளை மாற்றி மாற்றி எடுப்பது. அடர்த்தி அலகில் 9ஏக்குப் பாவனையாக்கல், 9பிக்குப் பிளாஸ்டிசின். அமுக்கம் அலகில் 9பிக்குப் பாவனையாக்கல், 9ஏக்குக் கையால் செய்யும் சோதனை. ஒவ்வொரு வகுப்பும் ஒரு தரம் இப்படியும் ஒரு தரம் அப்படியும் இருக்கும். 9ஏ கெட்டிக்கார வகுப்பு என்றாலும், 9பிக்கு வெயில் என்றாலும் இரண்டு பக்கமும் அது சமமாக விழும். எந்தப் பிள்ளைக்கும் 'எனக்கு மட்டும் தரவில்லை' என்ற குறையும் இல்லை, பெற்றோரும் கேள்வி கேட்க மாட்டார்கள். எந்த வகுப்பு எந்த அலகில் என்பதை நீங்கள் தெரிவுசெய்ய வேண்டாம். பிள்ளைகள் முன்னால் நாணயத்தைச் சுண்டுங்கள். எழுமாறாக எடுப்பது என்பது அதுதான்.

அப்புறம் நேரம். ஒரு சின்னக் கொப்பியில் ஒவ்வொரு பாடவேளையையும் நிமிடக் கணக்கில் எழுதுங்கள். 40 நிமிடத்தில் பாடம் எத்தனை, மற்றது எத்தனை. எனக்கு ஒரு நாள் கணினி அறைத் திறப்பு அலுவலகத்தில் இல்லை. அது வந்ததும் புரொஜெக்டர் கேபிளைக் காணவில்லை. அது வந்ததும் எக்ஸ்டென்ஷன் கோட் எட்டவில்லை. பாடம் தொடங்கும்போது 17 நிமிடம் போய்விட்டது. பிளாஸ்டிசின் வகுப்பில் அதே 17 நிமிடத்தில் மூன்று கிண்ணம் மிதந்து ஒரு சண்டையும் முடிந்திருக்கும். இந்த வீணான நிமிடங்களை அறிக்கையில் மறைக்காதீர்கள். தொழினுட்பத்தின் உண்மையான விலை அதற்குள் இருக்கிறது. வேறு பாடசாலையில் இதைச் செய்துபார்க்கப்போகும் ஆசிரியருக்கு உங்கள் சராசரிப் புள்ளியைவிட இது கூடப் பயன்படும்.

யாருடைய போன்?

வீட்டில் பார்க்க வீடியோ அனுப்பும் ஆய்வென்றால் முதலில் பிள்ளைகளிடம் என்ன இருக்கிறது என்று அறிய வேண்டும். 'வீட்டில் ஸ்மார்ட் போன் இருக்கிறதா?' என்று கேட்டால் எல்லோரும் ஓம் என்பார்கள். கேள்வியைப் பிரித்துக் கேளுங்கள். அது யாருடைய போன்? அவர் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவார்? உன் கையில் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை இருக்கும்? அந்த நேரம் இன்னும் எத்தனை பேருக்கு அது வேண்டும்? டேட்டா முடிந்தால் எப்போது திரும்பப் போடுவார்கள்?

கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியில் இருக்கும் ஒரு பிள்ளையின் தாளில் இப்படி இருந்தது: 'அப்பாவின் போன். அப்பா ஓட்டோ ஓடுகிறார். இரவு பத்து மணிக்கு வருவார். அண்ணன் ஏ.எல், அவனுக்குப் பிறகு நான்.' அந்தப் பிள்ளை வீடியோ பார்க்கவில்லை என்றால் அது அக்கறையின்மை அல்ல. இப்படியானதை வகுப்பில் கையுயர்த்தச் சொல்லிக் கேட்காதீர்கள். தாளில், பெயரில்லாமல், மடித்துப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். 2022 இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை நினைவில் வைத்து, இணையமோ மின்சாரமோ இல்லாத நாளுக்கு என்ன செய்வது என்றும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். நான் வீடியோக்களைப் பென் டிரைவில் வைத்திருக்கிறேன். பாடநூல் பிடிஎஃப்களைக் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்திலிருந்து முன்பே இறக்கி வைத்தாயிற்று.

வீடியோவைச் சுருக்கமாக வையுங்கள். எட்எக்ஸ் என்ற இணையவழிக் கற்றல் தளத்தின் பாடநெறிகளில் 69 இலட்சம் பார்வை அமர்வுகளைப் பிரித்துப் பார்த்த 2014 ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஆட்கள் நிலைத்துப் பார்த்தது நடுவளவாக ஆறு நிமிடத்துக்கு மேல் போகவில்லை. தாமாக வந்து சேர்ந்து படித்தவர்களே அவ்வளவுதான் என்றால், அண்ணனுக்குப் பிறகு இரவு பதினொன்றரைக்குப் போன் கிடைக்கும் பிள்ளையை யோசியுங்கள்.

சோதனை

பாடத்துக்கு முன் ஒன்று, பாடம் முடிந்ததும் ஒன்று. இதோடு நிறுத்தாதீர்கள், மூன்று கிழமை கழித்து மூன்றாவது ஒன்று கட்டாயம் வையுங்கள். காரணம் இருக்கிறது. 2006 இல் ரோடிகர், கார்பிக்கே என்ற இரு உளவியலாளர்கள் பல்கலைக்கழக மாணவருக்கு ஒரு பந்தியைக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் அதைத் திரும்ப வாசித்தனர், மற்றவர்கள் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்கள் 81 வீதம், எழுதியவர்கள் 75 வீதம். ஒரு கிழமை கழித்துச் சோதித்தவர்களில் திரும்ப வாசித்தவர்கள் 42 வீதம், எழுதியவர்கள் 56 வீதம். உடனே சோதித்தால் ஒரு பக்கம் வெற்றி, ஒரு கிழமை பொறுத்தால் மறுபக்கம். வீடியோ பார்த்த கையோடு பிள்ளை 'விளங்கிற்று மிஸ்' என்று சொல்வது பொய்யில்லை, ஆனால் அது அந்த ஐந்தாவது நிமிடத்தின் பதில்.

கேள்விகள் வீடியோவின் சொற்களிலும் படங்களிலும் இருக்கக்கூடாது, பிளாஸ்டிசினைப் பற்றியும் இருக்கக்கூடாது. உப்பு நீரில் முட்டை, மண்ணெண்ணெயில் பனிக்கட்டி என்று இருவருக்கும் புதிதான இடத்திலிருந்து எடுங்கள். பன்னிரண்டு கேள்வி போதும், அதில் குறைந்தது இரண்டு கேள்வி 'ஏன்?' என்று எழுத வைப்பதாக இருக்கட்டும். வேறு பாடசாலை ஆசிரியர் ஒருவரிடம் தாளைக் காட்டுங்கள். திருத்தும்போது எந்த வகுப்புத் தாள் என்று தெரியாமல் இருக்க வேண்டும். நான் இரண்டு வகுப்பையும் கலந்து, பெயரிருக்கும் மூலையை மடித்து ஸ்டேப்ளர் அடித்துவிடுவேன்.

அனுமதி விடயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதிபரிடம் எழுத்தில் வாங்குங்கள், பிற பாடசாலை என்றால் வலயக் கல்விப் பணிமனைக்கும் போக வேண்டிவரும், பெற்றோருக்குத் தமிழில் ஒரு பக்கக் கடிதம் போகட்டும். பெயருக்குப் பதில் இலக்கம், பெயர்ப் பட்டியல் வேறு கொப்பியில். இலங்கையில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, ஆனால் சட்டம் இல்லாவிட்டாலும் பிள்ளைகளின் புள்ளியை வாட்ஸ்அப் குழுவில் போடுவது சரியில்லை. புதிய செயலி ஒன்றில் பிள்ளைகளைப் பதிய வைக்குமுன் அது பிறந்த திகதியும் தொலைபேசி இலக்கமும் கேட்கிறதா என்று நீங்களே ஒரு தரம் பதிந்து பாருங்கள்.

கணக்குக்குப் பெரிய மென்பொருள் வேண்டாம், எக்செல் போதும். சராசரிக்கு ஓடாமல் முதலில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எத்தனை ஏறியது, எத்தனை இறங்கியது என்று வரைபுத் தாளில் புள்ளி வையுங்கள். உதாரணத்துக்கு, பாவனையாக்கல் எடுத்தவர்கள் 20 க்கு 9 இலிருந்து 13, மற்றவர்கள் 11 இலிருந்து 14 என்று வைப்போம். ஏற்றம் 4 உம் 3 உம். வித்தியாசம் ஒரு புள்ளி. நியம விலகல் 4 என்றால் இது 0.25, அதாவது கால் பங்கு. அறுபது எழுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதைப் பெரிய வெற்றி என்று எழுத முடியாது, தோல்வி என்றும் எழுத முடியாது. 'இந்தப் பக்கம் சாய்கிறது' என்று எழுதலாம்.

அதோடு, முதல் சோதனையில் ஆகக் குறைந்த புள்ளி எடுத்தவர்களைத் தனியே பிரித்து 'பலவீனமான மாணவர் மிகவும் முன்னேறினர்' என்று எழுதும் ஆசை வரும். எனக்கும் வந்தது. ஆனால் ஒரு தரம் ஆகக் குறைய எடுத்தவர்கள் அடுத்த தரம் தானாகவே கொஞ்சம் ஏறுவார்கள். முதல் பந்தில் ஆட்டமிழந்த துடுப்பாட்ட வீரர் அடுத்த இனிங்ஸில் அநேகமாகக் கூட எடுப்பார், பயிற்றுநர் திட்டினாலும் திட்டாவிட்டாலும். இரண்டு வகுப்பிலும் அடிமட்டத்தில் இருந்தவர்களை எடுத்து ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டால் மட்டும் பேச்சு.

வராத பிள்ளைகளையும் எண்ணுங்கள். மூன்றாவது சோதனைக்கு வராதவர்கள் யார், முதல் சோதனையில் எத்தனை எடுத்தார்கள் என்று ஒரு வரி எழுதினாலே வாசிப்பவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரும்.

கடைசியாக நாட்காட்டி. முதலாம் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டி, மூன்றாம் தவணையில் பரீட்சை. இரண்டாம் தவணையின் மூன்றாம் கிழமை தொடங்குவதே எனக்குச் சரிவந்தது, வெசாக் விடுமுறையை மட்டும் முன்கூட்டியே கழித்துவிடுங்கள். மூன்று சோதனைத் தாளையும் தொடங்கும் நாளிலேயே போட்டோகொப்பி எடுத்து, மூன்று உறையில் போட்டு, மேலே திகதி எழுதி அலுமாரியில் பூட்டிவையுங்கள். மூன்றாவது உறையைத் திறக்கும் நாளில் களைப்பும் வேறு வேலையும் நிறைய இருக்கும், தாள் கையில் இல்லையென்றால் அந்தச் சோதனை நடக்கவே நடக்காது. எனக்கு ஒரு வருடம் அப்படித்தான் போனது.